தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்கிய ஜீப்

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் வலை நூல் விற்றவன் நான். நைலான் நூல், ஈயக் குண்டு, மிதவைக் கட்டை, கயிறு எல்லாம் என் கடையில் கிடைக்கும். எந்த மீனுக்கு எந்தக் கண்ணி, எந்தக் கண்ணிக்கு எந்த நூல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த நூலில் பின்னிய வலையோடு படகில் ஏறச் சொன்னால் மட்டும் நான் கரையிலேயே நின்றுவிடுவேன். மீனவக் குடும்பத்தில் பிறந்து, மீனவக் குடும்பத்தில் பெண்ணெடுத்து, படகுக்குப் பயப்படுகிறவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்திருந்தால் அவரும் என்னைப் போலவே வெளியில் சொல்லியிருக்க மாட்டார்.

என் மனைவியின் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய மணல் திட்டில். லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் தெற்கே, காட்டுப்பள்ளிக்குப் போகும் வழியில். எங்கள் துறையில் படகேறினால் பீடி ஒன்று பிடித்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும், அப்புறம் கொஞ்சம் நடை. தலைதீபாவளிக்குப் புது மாப்பிள்ளையாக அப்படித்தான் போனேன். நடு ஏரியில் படகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. நான் எழுந்து, கோல் ஊன்றிக்கொண்டிருந்தவரின் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம். "நான் போயிட்டேன், நான் போயிட்டேன்" என்று நான் கத்தியது அக்கரையில் மாமியார் வீட்டு வாசல் வரை கேட்டதாம். தண்ணீர் இடுப்பளவு. நான் நின்றுகொண்டுதான் கத்தியிருக்கிறேன். என் மனைவி படகிலிருந்து கையை நீட்டி, "போனது போதும், மேல வா" என்றாள். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது அப்போது.

அதன் பிறகு எனக்குக் கடையில் வேலை அதிகமாகிவிட்டது. பொங்கலுக்கும் வேலை, திருவிழாவுக்கும் வேலை. அவள் தனியாகப் போய் வந்தாள். போகிற இடமெல்லாம், "மாப்ள வரலியா? சண்டையா?" என்று கேட்டார்கள். அவளும் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவளுக்கு அலுத்துவிட்டது.

"இனிமே போனா நாலு பேரும் ஒண்ணாப் போவோம். இல்லன்னா நானும் போவல. புருஷன் தண்ணிக்குப் பயப்படுறான்னு எங்க ஊர்ல போய் நான் சொல்றதா?"

சொன்னபடியே மூன்று வருடம் அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் இரண்டு பெண்களும் பாட்டி வீட்டைப் பற்றி வெளியூர்ச் செய்தி மாதிரி பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாலியின் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டும். கூடப்பிறந்த ஒரே அக்கா இவள்.

"நான் போவலன்னா எங்க பெரியப்பா மக முடிச்சு போடுவா. போட்டுட்டு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா" என்றாள். அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

படகில்லாமல் போக ஒரு வழி இருந்தது. காட்டூர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால், ஏரியோடு சேரும் பழைய கால்வாய் தூர்ந்துபோன இடத்தில் மாட்டு வண்டிகள் இறங்கி ஏறும் துறை ஒன்று உண்டு. கோடையில் அங்கே முழங்கால் தண்ணீர்தான். தாண்டிவிட்டால் சவுக்குத் தோப்பும் மணலும், அப்புறம் கடலோரமாக வடக்கே போக வேண்டியது. சைக்கிள் போகாது. கார் போகாது. ஜீப் போகும் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு ஜீப்பைப் பற்றி அப்போது தெரிந்தது, அதற்கு நாலு சக்கரம் என்பது மட்டும்தான்.

மதராஸில் ராணுவம் கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கும் ஷெட் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தனியாகப் போகப் பயம். அதனால் இரண்டு நிபுணர்களை அழைத்துக்கொண்டேன். ஒருவர் எங்கள் ஊர் பாய், இருபது வருடம் லாரிகளுக்கு அடியிலேயே வாழ்ந்தவர். இன்னொருவர் என் மனைவியின் அண்ணன், படகு கட்டும் ஆசாரி வேலை தெரிந்தவர். ஜீப் வாங்கப் படகுக்காரர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பாயும் பஸ்ஸில் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஷெட்டில் மூன்று ஜீப்புகள் நின்றன. முதலாவது பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பாய் ஒரு ஓரத்தில் நகத்தால் சுரண்டினார். பெயிண்டோடு தகடும் உதிர்ந்து அவர் கைக்கு வந்தது.

"பெயிண்டுதான் தகட்டப் புடிச்சினு கீது" என்று அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

இரண்டாவது பார்க்கச் சகிக்காது. கித்தான் கூரை கிழிந்து, ஒரு விளக்குக் கண் இல்லாமல், சீட்டில் பஞ்சு பிதுங்கிக்கொண்டு இருந்தது. மூன்றாவது நடுத்தரம். இரண்டையும் சுற்றி வந்த மச்சான், விரல் முட்டியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு ஷெட்காரரிடம், "ரெண்டு பக்கெட் தண்ணி குடு" என்றார். ரேடியேட்டருக்கு என்று நினைத்து அவரும் கொண்டுவந்தார். மச்சான் அதை இரண்டாவது ஜீப்பின் உள்ளே தரையில் கவிழ்த்தார். நாலைந்து ஓட்டை வழியாகத் தண்ணீர் மொத்தமும் கீழே ஓடிவிட்டது. மறுபடி பக்கெட் வாங்கி மூன்றாவதில் ஊற்றினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியே நின்றது. மச்சான் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இதான் மாப்ள வண்டி. கட்டுமானம் கெட்டி."

"யோவ், இது ஜீப்புயா. தண்ணித் தொட்டி இல்ல" என்றார் பாய்.

"தண்ணிலதான எறங்கப் போவுது?"

"எறங்கும், ஏறும். அங்கியே குடித்தனம் பண்ணப் போவுதா?"

ஷெட்காரர் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் மூன்றாவது ஜீப்பின் பானெட் மேல் கை வைத்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, அணைத்து வைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சினாகக் கிளப்பிக் காட்டச் சொல்லி பாய் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது, வடை வந்தது, எஞ்சின் ஆறியது. பிறகு சாவியைத் திருப்பினால் அது இருமியதே தவிர எழவில்லை. அழுக்கு ஜீப் மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிக்கிடந்து, இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் லிவரைப் போட்டுப் பார்த்தார். குழைந்த மண்ணில் ஏற்றி இறக்கினார். புகையை மோந்தார். ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"நிக்காத வண்டின்னு ஒண்ணு கிடையாது. நின்னா, நின்ன எடத்துலயே ஒரு ஸ்பேனரும் ஒரு துணியும் வெச்சி நீயே கிளப்பணும். இது அந்த வண்டி. பார்ட்ஸ் பொன்னேரிலயே கெடைக்கும். எடு" என்றார்.

எடுத்தேன். ஆனால் பாய் ஓட்டிக்கொண்டு வந்த வழி முழுக்க என் கண் தரையில் இருந்த ஓட்டைகள் மேலேயே இருந்தது. ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. ரோடு தெரிந்தால் தண்ணீரும் தெரியும் இல்லையா.

கல்யாணத்துக்கு முன் ஒரு மாதம், கடைக்கு விடுமுறையான நாட்களில் குடும்பத்தோடு சவுக்குத் தோப்பு மணலில் ஓட்டிப் பழகினேன். பாய் முதல் இரண்டு தடவை கூட வந்தார். மணலுக்குள் போவதற்கு முன் டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். காசு கொடுத்து அடித்த காற்றை வெளியே விட எனக்கு மனம் வரவில்லை, விடாமல் போனேன், அச்சு வரை புதைந்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு பலகை, ஒரு வடம், ஒரு மிதி பம்ப், ஒரு மண்வெட்டி என்று சேர்ந்தது அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு அவமானத்துக்குப் பிறகு சேர்ந்த பொருள்.

வழி பார்த்துச் சொல்லும் வேலையை என் மனைவி தானாகவே எடுத்துக்கொண்டாள். அந்த மண்ணில் வளர்ந்தவள். "உமரிச் செடி நிக்கிற பக்கமா போ, அங்க கெட்டி. வெள்ளையா மினுக்குற எடத்துக்குப் போவாத, மேலதான் உப்பு, அடில சேறு" என்பாள். நான் மினுக்குகிற இடத்துக்கே போவேன். பின்னால் இருந்த பெண்கள் இரண்டும் மண்வெட்டியை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வார்கள். பெரியவள் மார்க் போடுவாள். "நைனா, போன வாரம் மூணு தடவ மாட்ன. இந்த வாரம் ரெண்டுதான்." நாலாவது வாரம் ஒரு தடவைகூட மாட்டாமல் கடல் தெரியும் வரை போய்த் திரும்பினோம். அன்று மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை ஜீப்பின் பானெட் மேல் வைத்துச் சாப்பிட்டோம். "பரவால்ல, உனக்கும் ஒரு வாகனம் செட்டாயிடுச்சு" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அத்தோடு விட்டிருக்கலாம். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கனவில் அந்த ஓட்டைகள் வழியாக ஏரி முழுவதும் உள்ளே வந்தது. காலையில் முதல் வேலையாக மச்சானைக் கூப்பிட்டேன். பாய் பொன்னேரியில் ஏதோ லாரி வேலையில் இருந்தார், அது எனக்கு வசதியாகப் போயிற்று. மச்சான் படகுப் பலகைச் சந்துகளை அடைப்பது போலவே பஞ்சைத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய மெழுகில் தோய்த்து, உளியால் அடித்து அடித்து ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தார். முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். நின்றது. எனக்கு அன்று இரவுதான் நல்ல தூக்கம். பின்னாளில் மச்சான் மேல் பழி போடப் பலமுறை முயன்றிருக்கிறேன். உண்மை என்னவென்றால், அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். மனைவி பட்டுப்புடவையில் முன் சீட்டில், மடியில் சீர்த்தட்டு, அதில் மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டி. பின்னால் பெண்கள், வாழைத்தார், பழக்கூடை, டிரங்குப் பெட்டி. காட்டூர் தாண்டித் துறைக்கு வந்து பார்த்தால், முழங்கால் தண்ணீரைக் காணோம். அந்த இடத்தில் தொடையளவு நின்றது.

முகூர்த்தம் வளர்பிறையில் வைப்பார்கள். வளர்பிறை முற்றிப் பௌர்ணமி நெருங்கினால் கடல் ஏரிக்குள் ஏறும். எங்கள் ஊரில் பால் பல் விழாத குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் படகில் ஏறாதவனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன கவலை என்ற நினைப்பில் நான் பிறையைப் பார்க்கவே இல்லை. அவளோ வண்டியின் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தாள்.

"எறங்கலாமா?" என்றேன்.

"முகூர்த்தத்துக்கு ரெண்டு மணி நேரம் கூட இல்ல. திரும்பிப் போய் படகு புடிக்கிறியா?"

லிவரைப் போட்டேன், சின்ன கியரில் இறங்கினேன். வண்டிப்பாதைக்கு அடையாளமாக நட்ட கம்புகள் வலப்பக்கம் தெரிந்தன. தண்ணீரைப் பார்க்காமல் ஓட்டினால் பயம் வராது என்று வானத்தைப் பார்த்து ஓட்டியதில், கம்புகளை விட்டு இடப்பக்கம் விலகிவிட்டேன். பாதி தூரம் ஜீப் ஒழுங்காகத்தான் போனது. அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்போது பக்கவாட்டு விளிம்புக்கு மேல் ஏறி உள்ளே வந்த தண்ணீர் என் பாதத்தைத் தொட்டது. நான் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

ஓட்டுகிறவன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டால் வண்டி நின்றுவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த நேரத்தில் கால்களுக்குத் தெரியவில்லை.

எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. உள்ளே வந்த தண்ணீர் ஓட்டை அடைபட்டதால் வெளியே போகவில்லை. கணுக்கால், அப்புறம் கெண்டைக்கால். நாங்கள் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தோம், தொட்டி ஏரிக்குள் உட்கார்ந்திருந்தது. "நைனா, உள்ள ஒரு மீன் நீந்துது" என்றாள் சின்னவள், மகிழ்ச்சியாக. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. "நான் போயிட்டேன்" என்றுதான் சொன்னதாக மூவரும் இன்றுவரை சாதிக்கிறார்கள்.

அருகில் ஆறு பேர் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது வழக்கம். அப்படிக் கிடைக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். பல நாள் காத்திருந்தால்தான் நல்ல இடத்துப் பாடு ஒருநாள் வரும். அன்று அந்த இடத்துப் பாடு அவர்களுடையது. அவர்கள் வலைக்கு எதிரே போய் நான் ஜீப்பை நிறுத்தி, இறால் வரும் தண்ணீரைக் கலக்கிவிட்டிருந்தேன். அவர்களில் மூத்தவர் இடுப்பளவு தண்ணீரில் நிதானமாக நடந்து வந்தார். ஒரு சக்கரத்தை எட்டிப் பார்த்தார்.

"நூல் கடைக்காரரா? நூலு நல்லாத்தான் குடுப்ப. வண்டிய இன்னாத்துக்கு எங்க வலையில கொண்டாந்து வுட்ட?"

"கல்யாணத்துக்குப் போறோம். கொஞ்சம் தள்ளிவிட்டா..."

"தள்றதா? இன்னிக்கு இது எங்க பாடு. பாட்டுக்குள்ள மாட்னது எங்களுது." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா, ஜீப்பு எவ்ளோ தேறும்?"

"தல பெருசா கீது. வாலக் காணோம்" என்றான் ஒருவன்.

என் மனைவி சீர்த்தட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி பேசினாள்.

"உங்க பாடு கெட்டுது, ஒத்துக்கறேன். பங்கு உங்களுக்கு உண்டு. இந்த வண்டியிலயே எங்க தம்பி கல்யாணத்துக்கு வாங்க, பந்தில உக்காந்து சாப்பிடுங்க. நான் நாத்தனாரு. எனக்கு நேரம் ஆவுது."

அவர் அவள் தகப்பனார் பெயரைச் சொல்லி, அவர் மகளா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். என் வடத்தை வாங்கிப் பார்த்து, "இது கொடி கட்டித் துணி காயப்போடத்தான் ஆவும்" என்று ஒதுக்கிவிட்டு, தங்கள் வலைக் கயிற்றைக் கட்டினார்கள். "நீங்க எறங்குங்கம்மா, படகுல வுடறோம்" என்றபோது அவள் மறுத்துவிட்டாள். "மூணு வருஷமா போவாதவ, இப்ப எங்க வூட்டுக்காரரு வண்டில கூட்டினு வருவாருன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கேன். வண்டியிலயே போறேன்." ஆறு பேர் இழுத்தார்கள், நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். ஆமாம், இறங்கினேன். தொடையளவு தண்ணீரில். வேறு வழியில்லாதபோது எனக்கும் தைரியம் வரும்.

அக்கரை மேட்டில் ஏற்றியதும் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "தண்ணி ஏன் நிக்குது?" அடைத்ததைச் சொன்னேன். ஆறு பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "படகுல வெளிய இருக்கற தண்ணி உள்ள வரக்கூடாது. நீ உள்ள இருக்கறது வெளிய போகாம பாத்துக்கினியே" என்று சொல்லிக்கொண்டே மூத்தவர் கத்தியால் மச்சானின் அடைப்புகளைக் கெல்லினார். மச்சானின் வேலை சுத்தம், லேசில் வரவில்லை. வந்ததும் தண்ணீர் நாலு தாரையாக ஓடியது.

பானெட்டைத் திறந்து, பாய் சொல்லிக் கொடுத்தபடி, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஈரம். உலர்ந்த துணி வேண்டும். எங்கள் பத்துப் பேரில் யாரிடமும் உலர்ந்த நூல்கூட இல்லை. அவள் தட்டிலிருந்த பட்டு வேட்டியை எடுத்து நீட்டினாள்.

"மாப்பிள்ளை வேட்டி" என்றேன்.

"அவன் கட்டிக்கறது ஒரு நாளு. தொட."

துடைத்தேன். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் எழுந்தது.

பத்துப் பேர் ஏறிய அந்த ஜீப் மணலில் ஒரு இடத்திலும் மாட்டவில்லை. உமரிச் செடி எங்கே என்று அவள் கை காட்டினாள், நான் முதல்முறையாக மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கமே போனேன். பந்தல் தெரிந்தபோது மேளம் வேகம் எடுத்துவிட்டிருந்தது. அவள் வண்டி நிற்பதற்கு முன் குதித்து, முழங்கால் வரை சேறும் பட்டுப்புடவையுமாக ஓடினாள். பெரியப்பா மகள் கையைத் துடைத்துக்கொண்டு மணையருகே தயாராக நின்றிருந்தாள். இவளைக் கண்டதும் விலகினாள். இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போட்டான், மூன்றாவதை இவள் போட்டாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். என் கையில் கிரீஸ் கறை படிந்த வேட்டி இருந்தது. சாப்பாட்டுக்குப் பின், மாப்பிள்ளையான என் சின்ன மைத்துனன் அதைத்தான் கட்டிக்கொண்டான்.

ஆறு பேருக்கும் முதல் பந்தி. மாமியார் தானே நின்று பரிமாறினார். என் இலைக்கு வந்தபோது, "வந்துட்டிங்களா?" என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டேன் என்றேன். இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினார்.

அன்று மாலையே திரும்புவதாக ஏற்பாடு. துறையில் தண்ணீர் அப்படியே இருந்தது. பௌர்ணமி கழிந்து வற்றட்டும், அப்புறம் போகலாம் என்றாள் மனைவி. எனக்கும் மறுபடி அதில் இறங்கத் துணிவில்லை, சரி என்றேன். மறுநாள் காலை அவள் அம்மாவோடு துறை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வத்தல" என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பெண்கள் இரண்டும் கருத்துப்போய், தலையில் மணலோடு, சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் பகலெல்லாம் அம்மாவோடும் சித்திமாரோடும் உட்கார்ந்து, மூன்று வருடக் கதையை ஒன்றுவிடாமல் பேசினாள். இத்தனை பேச்சு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை, நான் தனியாகத் துறைக்குப் போய்ப் பார்த்தேன். மாட்டு வண்டி ஒன்று கடந்துகொண்டிருந்தது. தண்ணீர் அச்சுக்குக் கீழே இருந்தது. கம்புகளுக்கு நடுவே பாதை அடிமண் வரை தெரிந்தது. வீட்டுக்கு வந்தேன். அவள் தன் அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எப்படி கீது?" என்றாள், திரும்பாமல்.

"இன்னும் வத்தல" என்றேன்.

மாமியார் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அந்தத் துறை தெரியும். மறுபடி மகளுக்குத் தலையைக் கொடுத்துக் குனிந்துகொண்டார். மேலும் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினோம்.